முதலில் செற்றி, பிறகுதான் ஸ்பீக்கர்: 5.1 அறைக்கான அளவுகள்

பூசின சீமெந்துச் சுவர், ரைல்ஸ் போட்ட நிலம், பின்சுவரோடு ஒட்டின செற்றி. யாழ்ப்பாணத்து ஹோல்களில் வழக்கமாகக் காண்பது இதுதான். இந்த மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஸ்பீக்கரும் குடத்துக்குள் நின்று கதைப்பதுபோலத்தான் கேட்கும்.

5.1 என்றால் முன்னே இடம், வலம், நடு என மூன்று ஸ்பீக்கர், பக்கங்களில் இரண்டு, தாழ்ந்த ஒலியான பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர். 15 அடி நீளம், 12 அடி அகலமான அறை என்று வைப்போம். ரிவி 12 அடிச் சுவரில்.

செற்றியின் இடத்தை முதலில் முடிவுசெய்யுங்கள். ரிவிச் சுவரிலிருந்து உங்கள் காது ஏறக்குறைய 9¼ அடியில் வரவேண்டும். சரி நடுவில், 7½ அடியில் இருந்தால் 37, 38 ஹேர்ட்ஸ் பேஸ் அந்த இடத்தில் கேட்காமலே போய்விடும். பின்சுவரோடு ஒட்டினால் அதே பேஸ் வீங்கி மற்றதையெல்லாம் மூடும். இந்தத் தூரத்துக்கு 65 அங்குல ரிவி அளவானது, 43 சின்னன்.

இனி முன் ஸ்பீக்கர்கள், முதலில் இடமும் வலமும். சுவரிலிருந்து 1½ அடி முன்னே, இரண்டுக்கும் இடையில் 8 அடி. உயர் ஒலி வரும் சின்ன வட்டம் காது மட்டத்தில், நிலத்திலிருந்து 38 முதல் 40 அங்குலத்தில் நிற்கட்டும். நடு ஸ்பீக்கரை ஷோகேசின் உள்தட்டில் தள்ளி வைப்பதுதான் நாங்கள் அடிக்கடி காணும் பிழை. தட்டின் விளிம்போடு முன்னே இழுத்து, முன்பக்கத்தைக் காதை நோக்கிச் சற்று நிமிர்த்திவிடுங்கள். வசனம் விளங்காத சிக்கல் பாதி அதோடு தீரும்.

பக்க ஸ்பீக்கர்கள் காதுக்கு இரண்டடி பின்னே, பக்கச் சுவர்களில் 5½ அடி உயரத்தில்.

சப்வூஃபருக்கு அளவுநாடா உதவாது. அதை நீங்கள் இருக்கும் இடத்திலேயே செற்றியில் தூக்கி வைத்து, பேஸ் ஏறி இறங்கும் பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். வீட்டு ஆக்கள் சிரிப்பினம், பரவாயில்லை. எல்லாச் சுரமும் ஒரே அளவில் பிரிந்து கேட்கும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். மூலையில் சத்தம் கூடும், ஆனால் பெரும்பாலும் ஒரே 'டும்'தான்.

பிறகு செற்றியில் இருந்துகொண்டு, ஒருவரைப் பக்கச் சுவரோடு கண்ணாடி பிடித்து நகரச் சொல்லுங்கள். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலி சுவரில் பட்டு உங்களிடம் தெறிக்கும்; அங்கே தடித்த திரைச்சீலை தொங்கவேண்டும். நிலத்துக்குத் தடித்த கம்பளம்; பனையோலைப் பாய் இதற்குக் காணாது.

வயரை இணைக்கும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. முன் ஸ்பீக்கர் ஒன்றில் மாறினாலும் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் அலையும்.