பேட்ச்வொர்க் போர்வை: ஊசியை எடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

துணித் துண்டுகளை இணைத்துக் கையால் தைத்த பேட்ச்வொர்க் போர்வை, அதாவது ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால், பழி பெரும்பாலும் தையல் மேல்தான் விழும். தையல் கோணலாகப் போய்விட்டது, நூல் இழுத்துவிட்டது என்பார்கள். ஆனால் கொஞ்சம் கோணலான தையல் நாலடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. அந்தத் தூரத்திலும் உறுத்துவது துண்டுகளை அடுக்கிய விதம். எந்தத் துண்டு எங்கே, எத்தனை, எந்த அளவில் என்று முடிவு செய்யும் கட்டத்தில் நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

முதல் தவறு, நிறத்தை மட்டும் பார்ப்பது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணி எடுக்கிறோம். நிறம் வேறு வேறுதானே, வடிவம் நன்றாக எடுத்துக்காட்டும் என்று தோன்றும். மூன்றும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் எடுத்துக்காட்டாது. கரும்பச்சைப் பின்னணியில் கருஞ்சிவப்பு நட்சத்திரம் தைத்தால், பக்கத்தில் நட்சத்திரம், அறையின் மறுமூலையிலிருந்து பார்த்தால் வெறும் இருட்டு. ஒட்டுத்துணி வேலையில் வடிவத்தைக் காட்டுவது வெளிர் துணிக்கும் அடர் துணிக்கும் உள்ள வித்தியாசம். நிறம் அதற்கு அப்புறம்தான்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லை. துண்டுகளைப் பரப்பி, போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் எவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றனவோ அவை போர்வையிலும் கலந்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் ஓரளவு புரியும். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கிற பழக்கமும் சிலரிடம் உண்டு. அதில் சிவப்புத் துணி இருப்பதைவிட வெளிறித் தெரியும், அதனால் சிவப்பு நிறைய உள்ள போர்வைக்கு அந்த வழி சரிப்படாது.

ஒரு துணி வெளிரா அடரா என்பதைத் தனியாக வைத்துச் சொல்லவும் முடியாது. நடுத்தர நீலம் ஒன்றை வெண்மைக்குப் பக்கத்தில் வைத்தால் அடர், கருநீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிர். அதனால் துணிகளை 'வெளிர்', 'அடர்' என்று இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பக்கத்துத் துண்டோடு வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பூப்போட்ட துணியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வெள்ளையில் சின்னச் சின்னச் சிவப்புப் பூ போட்ட துணி, கையில் வெள்ளையும் சிவப்பும், தூரத்தில் இளஞ்சிவப்பு.

பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரத்தை பிளாக் என்பார்கள். லாக் கேபின் என்ற பிளாக்கில் இது இன்னும் கண்டிப்பு. நடுவில் சின்னச் சதுரம், அதைச் சுற்றிப் பட்டைகள், மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் வெளிர், மறுபக்கம் அடர். இதே பிளாக்கைத் திருப்பித் திருப்பி வைத்தால் சாய்ந்த வரிகள் வரும், ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் வைரங்கள் வரும். ஒட்டுத்துணி வேலையில் எனக்கு மிகவும் பிடித்த வித்தை இதுதான். ஆனால் ஏதோ ஒரு பிளாக்கில் இரண்டு பக்கமும் நடுத்தர அடர்த்தித் துணி போட்டுவிட்டால், வரி அந்த இடத்தில் அறுந்துபோகும். எவ்வளவு அழகான துணியாக இருந்தாலும் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பளிச்சென்ற மஞ்சளும் தூய வெள்ளையும் கண்ணை முதலில் இழுக்கும். அதில் ஒரே ஒரு துண்டு மட்டும் ஒரு மூலையில் கிடந்தால் கறை பட்டது போலத் தெரியும். மூன்று நான்கு இடங்களிலாவது தூவுங்கள். இல்லையென்றால் அந்தத் துணியே வேண்டாம்.

வெட்டிய அளவைப் போர்வை அளவாக எண்ணுவது

அடுத்தது கணக்கு. இங்கேதான் துணி உண்மையிலேயே வீணாகிறது.

பேட்ச்வொர்க்கில் ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச் விடுவது வழக்கம். ஆக, தைத்து முடிந்ததும் ஒரு சதுரம் அரை இஞ்ச் குறையும். 48க்கு 60 இஞ்ச் போர்வை வேண்டும், அகலத்தில் 8, நீளத்தில் 10, ஒவ்வொன்றும் 6 இஞ்ச் என்று போட்டு, 80 சதுரங்களை அதே 6 இஞ்சில் வெட்டினால், கிடைப்பது 44க்கு 55 இஞ்ச் போர்வை. வெட்ட வேண்டிய அளவு 6½. காகிதத்தில் கட்டம் போடும்போதே தைத்து முடித்த அளவை மட்டும் எழுதுங்கள், வெட்டும் அளவைத் தனிப் பட்டியலாக வையுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் குழப்பம் நிச்சயம்.

முக்கோணத்துக்கு அரை இஞ்ச் போதாது. ஒரு சதுரத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி முக்கோணம் எடுப்பதாக இருந்தால், முடிந்த அளவோடு 7/8 இஞ்ச் சேர்த்துச் சதுரத்தை வெட்ட வேண்டும். நான்காக வெட்டுவதாக இருந்தால் 1¼ இஞ்ச்.

பிளாக்குகளை நேராக அடுக்காமல் வைர வடிவில், முனை மேலே இருக்கும்படி சாய்த்து வைக்கும்போது இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும். பார்க்க அழகு, அதனால் ஆசை வரும். ஆனால் 12 இஞ்ச் பிளாக்கைச் சாய்த்து வைத்தால் அதன் அகலம் 12 அல்ல, ஏறத்தாழ 17. பக்க அளவை 1.414 ஆல் பெருக்க வேண்டும். அகலத்தில் 5, நீளத்தில் 6 என்று வைத்தால் 60க்கு 72 வரும் என்று நினைத்திருப்போம், வருவதோ 85க்கு 102. இன்னொன்றும் விட்டுப்போகும்: அந்த 30 பிளாக்குகளுக்கு இடையில் வெற்றிடம் இருக்கும், அதை நிரப்ப இன்னும் 20 வேண்டும். 30க்குத் துணி வாங்கிவிட்டு நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்த 20 இடத்துக்கும் வேலைப்பாடில்லாத ஒரே துணியைப் போடலாம். அது நல்ல உத்தியும்கூட, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

அப்புறம் ஓரங்களை நிரப்பும் முக்கோணங்கள். நாம் சொன்ன உதாரணத்துக்கு பக்கங்களில் 18, மூலைகளில் 4. பக்க முக்கோணத்தின் நீண்ட பக்கம் போர்வையின் வெளி விளிம்பாக வரும். அந்த விளிம்பு நேர் இழையில் இருக்க வேண்டும், கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக இருந்தால் கை பட்டாலே நீளும், போர்வை ஓரம் அலை அலையாக நெளியும். அதனால் 18¼ இஞ்ச் சதுரத்தை இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்கு முக்கோணமாக எடுக்க வேண்டும். ஐந்து சதுரம் போதும். மூலை முக்கோணத்தில் வெளியே வருவது குட்டைப் பக்கங்கள், ஆகவே அங்கே 9⅜ இஞ்ச் சதுரத்தை இரண்டாக வெட்டினால் போதும். இரண்டையும் ஒரே மாதிரி வெட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை.

கட்டில் அளவைப் பற்றிச் சுருக்கமாக. மெத்தையின் மேற்பரப்பை மட்டும் அளந்தால் போதாது, பக்கங்களில் எவ்வளவு தொங்க வேண்டும் என்பதையும் கூட்டுங்கள். 60 இஞ்ச் அகல மெத்தையில் இரு பக்கமும் 12 இஞ்ச் தொங்க வேண்டுமானால் போர்வை 84. படுக்கையின் மேல் தெரிவது நடுப்பகுதிதான், அங்கேதான் முக்கியமான வடிவம் வர வேண்டும். தலையணை மூடும் இடத்தில் பாடுபட்டுத் தைத்த நட்சத்திரத்தை வைப்பதில் பயனில்லை. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பருத்திப் பஞ்சு விரிப்பு துவைத்தால் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சகஜம். 85 இஞ்ச் 81, 82 ஆகிவிடும். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதாலேயே கொஞ்சம் உள்வாங்கும். திட்டத்திலேயே இதற்கு இடம் விடுங்கள்.

இரண்டு வகை பிளாக்குகளை மாற்றி மாற்றி வைப்பவர்கள் இரட்டைப்படை எண்ணில் வைத்துவிட்டு, ஒரு மூலை ஒரு மாதிரி, பக்கத்து மூலை வேறு மாதிரி என்று பிறகு வருந்துவதுண்டு. 6க்குப் பதில் 5 அல்லது 7 என்று இரு பக்கமும் ஒற்றைப்படையில் வைத்தால் நான்கு மூலையும் ஒத்துப்போகும்.

கைக்கு வந்தபடி அடுக்குவது

'திட்டமே வேண்டாம், கைக்கு வந்த துண்டை வைத்துக்கொண்டே போகலாம்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கண்ணை மூடி எடுத்தால் ஒரே துணி இரண்டு மூன்று துண்டு அருகருகே வந்து விழும், அதுதான் இயல்பு. சிதறியதுபோலத் தெரிய வேண்டுமானால் சிதறலைத் திட்டமிட்டே ஆகவேண்டும். மிகவும் கண்ணைப் பறிக்கும் துணியை முதலில் எடுத்து, பரப்பு முழுக்க இடைவெளி விட்டு வையுங்கள். அடுத்து அதைவிடக் கொஞ்சம் அடக்கமான துணி. சாதுவான துணிகள் கடைசியில் மிச்ச இடங்களை நிரப்பட்டும். பக்கவாட்டில் மட்டுமல்ல, மூலைவிட்டமாகவும் பாருங்கள். ஒரே துணி மாடிப்படி போலச் சாய்வாக இறங்குவது கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும்.

தரையில் பரப்பிக் குனிந்து பார்ப்பதும் ஏமாற்றும். காலடியில் உள்ள வரிசை பெரிதாகவும் தூரத்து வரிசை சின்னதாகவும் தெரியும். சுவரில் ஒரு ஃபிளானல் துணியையோ பஞ்சு விரிப்பையோ தொங்கவிட்டால், பருத்தித் துண்டுகள் குண்டூசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். தள்ளி நின்று, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுவர் இல்லையென்றால் நாற்காலி மேல் ஏறிப் படம் எடுங்கள். கணினியில் கட்டங்களுக்கு நிறம் நிரப்பிப் பார்க்கும் செயலிகள் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் உதவும். நிறத்துக்கு அவற்றை நான் நம்புவதில்லை, திரையின் நீலமும் துணியின் நீலமும் ஒத்துப்போவதே அபூர்வம்.

கூரான முனைகள் பல சேரும் பிளாக்குகளை ஒட்டி ஒட்டி வைத்தால், சந்திக்கும் இடத்தில் தையல் மடிப்புகள் குவிந்து கட்டியாகிவிடும். கையால் தைப்பவருக்கு அந்த இடத்தில் ஊசி இறங்காது. இடையில் ஒரு பட்டை கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, முனைகள் பொருந்தவில்லையே என்ற கவலையும் இல்லை. போர்வை சின்னதாகிவிட்டது என்று கடைசியில் அகலமான பார்டர் சேர்த்து ஒப்பேற்றுவது வேறு: 40 இஞ்ச் நடுப்பகுதிக்கு 12 இஞ்ச் பார்டர் போட்டால் நடுப்பகுதி தொலைந்துவிடும். எந்த பார்டராக இருந்தாலும் ஓரத்தோடு ஓரமாக வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டக் கூடாது. போர்வையின் நடுவில் அளந்து, அந்த நீளத்துக்கு வெட்டிப் பிறகு பொருத்துங்கள்.

எல்லாம் பிடித்தபடி அமைந்த பிறகு, மொத்தத்தையும் ஒரே குவியலாக வாரி எடுப்பது கடைசித் தவறு. முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையின் இடதுகோடித் துண்டிலும் வரிசை எண் எழுதிய சீட்டைக் குத்தி, இடமிருந்து வலமாக அடுக்கித் தனித்தனியாக எடுங்கள். ஒரு வரிசையைத் தைத்து முடித்ததும் சுவரில் அதே இடத்தில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். தைத்த வரிசை பக்கத்து வரிசையைவிடக் குட்டையாகத் தெரியும், பதற வேண்டாம். பத்துத் துண்டு வரிசையில் ஒன்பது தையல், ஒவ்வொன்றும் அரை இஞ்ச் என்று நாலரை இஞ்ச் உள்ளே போயிருக்கும், மற்ற வரிசைகளும் தைத்தானதும் அதே நீளத்துக்கு வந்துவிடும்.