செட்டிநாட்டு வீட்டில் உங்கள் பங்கும் வரிக் காகிதங்களும்

பொங்கலை ஒட்டி வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். காகித வேலை பொங்கலுக்கு முன்பு, கோவிலும் விருந்தும் அப்புறம். பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என மூன்று நாள் அரசு அலுவலகம் கிடையாது. சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்டால் வாரமே போய்விடும்.

செட்டிநாட்டில் வீடு பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொது. வீட்டு வரி ரசீது என்றோ காலமான ஐயா பெயரில் வந்துகொண்டிருக்கும். பணத்தை ஊரில் இருக்கும் ஒருவர் கட்டுவார், கோப்பும் அவர் பீரோவில்தான் இருக்கும். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், அதில் உங்கள் பங்கு உங்கள் வருமானம். கை மாறி உங்களிடம் வந்து சேரவில்லை, வீட்டுச் செலவுக்கே சரியாகிவிட்டது என்றாலும் இந்திய வருமான வரியில் கணக்குக் காட்டியாக வேண்டும். கட்டிய வீட்டு வரியை வாடகையிலிருந்து கழித்து, மீதியில் 30 சதவீதம் கழிவும் உண்டு. ஓடு மாற்றியது, வெள்ளை அடித்தது எல்லாம் அந்த 30-க்குள் அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. ஆனால் வீட்டு வரி ரசீது கட்டாயம் வேண்டும்.

வந்த மறுநாளே கோப்பு வைத்திருப்பவரைப் போய்ப் பாருங்கள். "அண்ணே, வருமான வரி கட்ட என் பங்குக்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுங்கண்ணே" என்று கேட்டால் போதும். கணக்குக் கேட்பதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்வார்களோ என்று பலர் கூச்சப்பட்டு வாய் திறக்காமலே திரும்புகிறார்கள். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊரில் அந்தக் கூச்சம் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரே தாள் போதும்: எந்தத் தேதியில் எவ்வளவு வாடகை வந்தது, வீட்டு வரி எவ்வளவு, காவல்காரர் சம்பளமும் மின்கட்டணமும் எவ்வளவு, மொத்தத்தில் உங்கள் பங்கு என்ன. கீழே அவர் கையெழுத்து, தேதி. ரசீதை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தில் யார் பங்குக்கு எவ்வளவு என்று பென்சிலில் குறித்திருப்பார்கள். கணினி ரசீதின் மை மங்கிவிடும், அதையும் அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

பழைய பெட்டகத்தில் கிடக்கும் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்றாவது பங்கை விற்றால் லாபத்தைக் கணக்கிட அது தேவைப்படும். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்துக்கு வந்த சொத்தென்றால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே எடுக்கலாம். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்திலும், திருமயம், பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கின்றன. உங்கள் ஊர் எந்தத் தாலுகா என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

அடுத்து வங்கி. என்.ஆர்.ஓ. கணக்கின் (வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்கு) வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு இது 15 சதவீதம், மலேசியாவில் இருப்பவர்களுக்கு 10. அதற்கு நீங்கள் வாழும் நாட்டு வரித்துறை தரும் வதிவிடச் சான்றிதழை வங்கியில் கொடுக்க வேண்டும், கிளம்பும் முன்பே அங்கே வாங்கி வாருங்கள். இந்தியாவின் வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்காவுக்கும் மலேசியாவுக்கும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே வட்டிச் சான்றை இரண்டு காலத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்பி வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் அமெரிக்காவில் வரி கட்டுபவர்கள் அதையும் காட்ட வேண்டும். அவர்களுக்கு அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் (இந்தியக் கணக்குகளும் சேர்த்து) மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதைத் தனியாகவும் தெரிவிக்க வேண்டும்.

கோவில் புள்ளி வரி (ஊர்க் கோவிலுக்குத் திருமணமான குடும்பம் ஒவ்வொன்றும் கட்டும் தொகை) ரசீதை வருமான வரிக் கோப்பில் சேர்க்காதீர்கள். கோவில் நன்கொடைக்குக் கழிவு வேண்டுமானால் அந்தக் கோவிலுக்கு வருமான வரித்துறையின் நன்கொடைக் கழிவு அனுமதி (80ஜி எனப் பரவலாகச் சொல்வது) இருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கழிவு இல்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

பாஸ்போர்ட்டில் வருகை, புறப்பாடு முத்திரை உள்ள பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். இந்தியாவில் எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதை வைத்துத்தான் உங்கள் வரி நிலை முடிவாகும். திரும்பும் முன் வருமான வரித் தளத்தில் ஏ.ஐ.எஸ். அறிக்கையை (உங்கள் பெயரில் பதிவான வருமானத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ஆண்டு அறிக்கை) திறந்து, பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் வங்கியையும், வாடகையில் வரி பிடித்த குடியிருப்பவரையும் நேரில் பார்த்துத் திருத்தச் சொல்லலாம், ஊரில் இருக்கும்போதுதான் இது சுலபம். ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்றால் அந்த சிம்மை ஒரு வருடத்துக்கு ரீசார்ஜ் செய்துவிட்டே விமானம் ஏறுங்கள். கணக்குத் தாக்கலுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31.