பெண்ட் பைப்பில் அடித்த பெயின்ட் உரியாமல் நிற்க

மோட்டார் சைக்கிளின் பெண்ட் பைப்புக்கு (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை செல்லும் வளைந்த குழாய்) சூடு தாங்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர்கள், துருவையும் பழைய பூச்சையும் வெறும் உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்தபின் அந்த இடத்தை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது. கனமாக ஒரே தடவையில் அடிக்காமல், 10 நிமிட இடைவெளியில் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள்.

பலரும் தவறவிடுவது இதற்குப் பிந்தைய வேலையைத்தான். இந்தப் பெயின்ட் வெறுமனே காய்வதால் முழு உறுதி பெறுவதில்லை. படிப்படியாகச் சூடேறும்போதே அதன் சிலிக்கோன் பிசின் இறுகி உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே நன்கு உலர்ந்தபின், திறந்த வெளியில் எஞ்சினை 10 நிமிடம் ஐடிலில் (வண்டி நின்றபடி, ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல்) ஓடவிட்டு, முழுவதும் ஆறவைத்து, அடுத்து 20 நிமிடம் வண்டியை மெதுவாக ஓட்டி மறுபடி ஆறவைத்து, கடைசியாக 30 நிமிடம் ஓட்டவேண்டும். முதல் சூட்டில் புகை எழுவது இயல்பு; அதைச் சுவாசிக்காமல் விலகி நில்லுங்கள்.