கதவைத் திறக்கவிடும் சிப், முதலில் தன்னைச் சோதிக்கட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலையில் வேலை செய்பவர்களுக்கு, பழக்குலையை நீராவியில் அவிக்கும் ஸ்டெரிலைசரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழக்குலை அவியும்போது உள்ளே ஏறக்குறைய 3 பார் நீராவி. அழுத்தம் இறங்குவதற்குள் கதவு திறந்தால் ஆள் போய்விடும். கதவுப் பூட்டை விடுவிக்கும் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) ஒரு சிப் இயக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் கெட்டால் சிப் கண்டுபிடிக்கும். சிப்பே கெட்டால்?

சிப் தன்னைத்தானே சோதித்து, தோற்றால் ரிலேயைத் துண்டிக்கும்படி செய்வதை இங்கே பார்ப்போம். இது மேசைமேல் செய்யும் பயிற்சி மட்டுமே. உண்மையான ஸ்டெரிலைசர் ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) சான்றிதழுக்கு உட்பட்டது. வீட்டில் செய்த போர்டை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஐஇசி 61508 போன்ற பாதுகாப்புத் தரநிலைப்படி செய்த கருவிதான் வேண்டும்.

தேவை: எஸ்டிஎம்32 எஃப்103 போர்டு ஒன்று (32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் உள்ளது), எஸ்டி-லிங்க் (நிரலை ஏற்றவும் உள்ளே பார்க்கவும் உதவும் கருவி), 5 வோல்ட் ரிலே இரண்டு, 2என்2222 டிரான்சிஸ்டர் இரண்டு, 1என்4007 டையோடு இரண்டு, 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டிரண்டு. மலிவு போர்டுகளில் போலிச் சிப் நிறைய உண்டு, பார்த்து வாங்குங்கள்.

படி 1: ரிலே

ரிலேயில் மின்சாரம் இல்லை என்றால் கதவு பூட்டியிருக்க வேண்டும். ரீசெட் ஆகும்போது பின்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும். அதனால் சிப்பின் பின்னிலிருந்து டிரான்சிஸ்டரின் பேஸுக்கு 1 கிலோ ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே டையோடு, அதன் கோட்டுப் பக்கம் பிளஸில். இரண்டு ரிலேயின் காண்டாக்டையும் தொடராக இணையுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது துண்டிக்கும்.

படி 2: ரிஜிஸ்டர்

சிப் கணக்கிடும்போது எண்களை வைக்கும் சிறு இடமே ரிஜிஸ்டர். ஒவ்வொரு ரிஜிஸ்டரிலும் 0101... எழுதிப் படித்து ஒப்பிடுங்கள், பிறகு 1010... சி மொழியில் எழுதினால் கம்பைலர் 'இது வீண் வேலை' என்று நீக்கிவிடும். சிப்பின் கட்டளைகளை நேராக எழுதும் அசெம்பிளியே கதி. ஸ்டாக் (தற்காலிக மதிப்புகளை வைக்கும் ரேம் பகுதி) எங்கே என்று காட்டும் ஸ்டாக் பாயின்டரின் கடைசி இரண்டு பிட் எப்போதும் 0. அங்கே 1010... எழுதிவிட்டு அதையே எதிர்பார்த்தால் நல்ல சிப்பும் தோற்றதாகக் காட்டும்.

படி 3: ரேம்

மார்ச் சி மைனஸ் என்ற நினைவகச் சோதனை முறை போதும். எல்லா இடத்திலும் 0 எழுது. ஏறுமுகமாக 0 படித்து 1 எழுது. ஏறுமுகமாக 1 படித்து 0 எழுது. அதே இரண்டையும் இறங்குமுகமாகச் செய். கடைசியாக 0 படி. ஓர் இடத்துக்கு 10 செயல். 20 கிலோபைட்டுக்கு, அதாவது 5,120 சொல்லுக்கு (ஒரு சொல் 4 பைட்), 51,200. ஒரே சொல்லுக்குள் பிட்டுகள் ஒன்றையொன்று பாதிப்பது இதில் தெரியாது, ஆகவே 0101 வடிவத்தை வைத்தும் ஒருமுறை ஓட்டுங்கள்.

இது ரேமை அழித்துவிடும். மாறிகளுக்குத் தொடக்க மதிப்பு ஏறுவதற்கு முன், ரீசெட் ஆனவுடன், ஸ்டாக்கைத் தொடாமல் ரிஜிஸ்டர்களை மட்டும் வைத்து ஓட வேண்டும். பின்னர் இயங்கும்போது 16 சொல்லாக எடுத்து, இன்டரப்டை (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் நிரலை) நிறுத்தி, நகல் எடுத்து, சோதித்து, திரும்ப வையுங்கள். நகல் வைக்கும் இடத்தையும் முதலில் சோதிக்க வேண்டும்.

படி 4: ஃபிளாஷ்

ஃபிளாஷ் என்பது நிரல் இருக்கும் நினைவகம். நிரலின் சிஆர்சி-32 மதிப்பை (பிழை கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்பு எண்ணை) கணினியில் கணக்கிட்டுக் கடைசி 4 பைட்டில் வைத்து, சிப் தானே கணக்கிட்டதோடு ஒப்பிட வேண்டும். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஜிப் கோப்புகளில் வரும் சிஆர்சி-32-உம் இந்தச் சிப்பின் சிஆர்சி-32-உம் ஒன்றல்ல. பல்லுறுப்புக்கோவை ஒன்றுதான்; ஆனால் சிப் பிட் வரிசையைத் திருப்புவதில்லை, இறுதியில் தலைகீழாக்குவதில்லை, நான்கு பைட்டாகச் சேர்த்து உயர்பைட்டிலிருந்து எடுக்கிறது. கணினிப் பக்கம் இந்த மூன்றையும் மாற்றுங்கள். கணக்கிடும் எல்லைக்குள் சிஆர்சி மதிப்பு சேமித்த இடத்தைச் சேர்க்காதீர்கள்.

படி 5: வாட்ச்டாக், கடிகாரம்

நிரல் குறித்த நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமரே வாட்ச்டாக். தனி வாட்ச்டாக்கின் 40 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் (கடிகாரத் துடிப்பு தரும் சுற்று) உண்மையில் 30 முதல் 60 வரை இருக்கலாம். 1 விநாடி என்று வைத்தது 0.67 முதல் 1.33 வரை மாறும். டைமர் இன்டரப்டிலிருந்து வாட்ச்டாக்கைப் புதுப்பிக்காதீர்கள்: மெயின் லூப் (நிரலின் முதன்மைச் சுழற்சி) செத்தாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சோதனையும் முடிந்ததும் ஓர் அடையாளம் போடட்டும்; எல்லாம் சேர்ந்தால் மட்டும் புதுப்பியுங்கள்.

முதன்மைக் கடிகாரத்துக்கு 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் தரும் ஒரு விநாடியே அளவுகோல். அதற்குள் 1 மில்லிவிநாடி டிக் 950 முதல் 1,050 வரை வந்தால் சரி.

வாட்ச்டாக் ரீசெட் செய்தபின் ரிலே தானாக ஏறக் கூடாது. ரீசெட் காரணக் கொடியைப் படியுங்கள். ஆள் வந்து பட்டனை அழுத்தும்வரை காத்திருங்கள். படித்த பிறகு கொடியை அழிக்க மறந்தால், மின்சாரம் போகாமல் ரீசெட் பின் வழியாக அடுத்து வரும் சாதாரண ரீசெட்கூட வாட்ச்டாக் ரீசெட்டாகத் தெரியும்.

படி 6: கெடுத்துப் பாருங்கள்

தோற்றுக் காட்டாத சோதனையை நம்ப முடியாது. டிபக்கரில் (ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்கும் மென்பொருளில்) ஆர்4 ரிஜிஸ்டரை நடுவழியில் மாற்றுங்கள். ஃபிளாஷில் ஒரு பைட்டைத் திருத்தி ஏற்றுங்கள். ஒரு சோதனையின் அடையாளம் போடும் வரியை நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் ரிலே விழுகிறதா என்று மல்டிமீட்டரில் காண்டாக்டையே பாருங்கள். திரையில் வரும் செய்தி போதாது.

டிபக்கரில் 6 பிரேக்பாயின்டுக்கு (நிரல் நிற்க வேண்டிய இடத்துக்கு) மேல் வைத்தால் சில கருவிகள் ஃபிளாஷையே மாற்றும், சிஆர்சி தோற்கும். அப்படி வந்தால் பிரேக்பாயின்டுகளை நீக்கிவிட்டு, நிரலை மறுபடி ஏற்றிப் பாருங்கள்.