மானிட்டர் அலாரம்: ஐசியூவுக்குப் புதிதாக வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் நான் பணிபுரியும் ஐசியூவில் புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவர், அலாரம் அடித்ததும் நோயாளியின் முகத்தைப் பாராமல் திரையில் அலாரத்தை நிறுத்தும் மணிச் சின்னத்தைத் தேடினார். 12 ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் தேடினேன். ஒலியளவைக் குறைக்கக் கூடாது என்பதுபோல் எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நிறுத்திவைப்பது வேறு, அணைப்பது வேறு

தற்காலிகமாக நிறுத்திவைத்த அலாரம், பெரும்பாலான மானிட்டர்களில் ஓரிரு நிமிடங்களில் தானாகத் திரும்பிவிடும். ஓர் அளவீட்டின் அலாரத்தை அணைத்துவிட்டாலோ, யாராவது மீண்டும் போடும்வரை அது வாய் திறக்காது.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தபோது, நிமோனியாவுடன் சேர்க்கப்பட்டிருந்த ஓர் அம்மாவுக்கு இடது கையில் டிரிப்ஸ் ஏறியதால், பிபி கஃப்பையும், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் ப்ரோப்பையும் வலது கையிலேயே மாட்டியிருந்தேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கஃப் இறுகும்போது அந்தக் கைக்கு ரத்தம் செல்வது தடைபடும். விரலில் நாடி அகப்படாமல் மானிட்டர் கத்தும். மூன்று மணிக்குப் பொறுமையிழந்து, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சாச்சுரேஷன் (அந்த ஆக்சிஜன் அளவு) அலாரத்தை அணைத்தேன். காலையில் ட்யூட்டி மாற்றும்போது அதைச் சொல்லவும் மறந்தேன்.

"சிஸ்டர், அம்மாவுக்கு உதடு ஏன் நீலமா இருக்கு?" என்று பார்க்க வந்த மகள் கேட்ட பிறகுதான் அனைவரும் திரும்பிப் பார்த்தோம். திரையில் 79, அதன் அருகே குறுக்குக் கோடு விழுந்த மணி. ஆக்சிஜன் குழாய், ஆக்சிஜன் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரிலிருந்து கழன்று கிடந்தது. குழாயைப் பொருத்தியதும் அந்த அம்மா தேறிவிட்டார். டிரிப்ஸ் ஏறும் கையின் விரலில் ப்ரோப்பை மாட்டத் தடையேதும் இல்லை, அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது என்பதை எண்ணினால் இன்றும் என்மீதே எரிச்சல் வருகிறது.

எலக்ட்ரோடு

இதயத்துடிப்பைப் பதிய மார்பில் ஒட்டும் இந்த வில்லைகள் தளர்ந்தாலும் அலாரம் வீணாக அடிக்கும். வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், தினமும் மாற்றுங்கள்.

முந்தைய நோயாளியின் எல்லைகள்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்குச் சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பதால், அவருக்காக அலாரத்தின் கீழ் எல்லையைத் தாழ்த்தியிருப்போம். அவர் வார்டுக்குச் சென்றபின் மானிட்டரிலும் அவரை டிஸ்சார்ஜ் செய்து அவருக்கு வைத்த எல்லைகளை நீக்காவிட்டால், அடுத்து அந்தப் படுக்கைக்கு வரும் இளைஞருக்கு 90 ஆகக் குறைந்தாலும் கருவி மௌனமாக இருக்கும்.

மின்வெட்டுக்குப் பின்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய கடற்கரையில் ஜெனரேட்டரின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பேட்டரி தளர்ந்த மானிட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தால், சில மாடல்களில் நாம் வைத்த எல்லைகள் அழிந்து தொடக்க அளவுகளே திரும்பிவிடும். மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு படுக்கையாகச் சென்று எல்லைகளைச் சரிபார்ப்பேன். இப்போது அந்தப் புதிய செவிலியரையும் உடன் அழைத்துச் செல்கிறேன்.