காசு வருவதற்கு ஓ.ரி.பி. தேவையில்லை

களுவாஞ்சிகுடியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் போனும் கையுமாக ஓடி வந்தார். மகள் கட்டாரில் வேலை செய்கிறாள். “மனே, வங்கியிலிருந்து கதைக்கிறாங்க. பிள்ளை அனுப்பின காசு தடைப்பட்டு நிக்குதாம். இப்ப வந்த ஆறு இலக்கத்தைச் சொன்னா விடுவாங்களாம். எல்லாம் இங்கிலிசுல கிடக்கு, பார்த்துச் சொல்லு.”

வாங்கிப் பார்த்தேன். மாமியின் கணக்கை வேறு யாரோ தன் போனில் உள்ள செயலியோடு இணைக்க அனுமதி கேட்டு வந்த குறுஞ்செய்தி அது. இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் அதிலேயே இருந்தது. அடையாள அட்டை இலக்கத்தையும் கணக்கு இலக்கத்தையும் மாமி ஏற்கெனவே சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது அந்த ஆறு இலக்கம் மட்டும்தான்.

நம் பக்கத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். கணக்குக்குக் காசு வர உங்கள் பெயர், கணக்கு இலக்கம், வங்கி, கிளை, இவ்வளவும் போதும். ஓ.ரி.பி., அதாவது ஒருமுறை மட்டும் பயன்படும் அந்த ஆறு இலக்கத்தைக் கேட்கிறார்கள் என்றால் காசு வெளியே போகப் போகிறது, இல்லாவிட்டால் கணக்கின் கதவு திறக்கப் போகிறது. வங்கி ஊழியர் யாரும் அதைக் கேட்பதில்லை. பரிசு விழுந்தது, நிவாரணம் வந்திருக்கிறது என்று சொல்லிக் கேட்டாலும் கதை ஒன்றுதான்.

அடுத்தது, கொமியூனிகேஷன் கடையில் போனைக் கொடுத்து, “தம்பி, பாங்க் அப்பைப் போட்டுத் தா” என்பது. கடைத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். ஆனாலும் உங்கள் கடவுச்சொல் அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. வங்கிக் கிளைக்கே போய்க் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். கடவுச்சொல்லை மட்டும் உங்கள் விரலாலேயே அடியுங்கள். பிறந்த ஆண்டை இரகசிய இலக்கமாக வைக்கவே வேண்டாம். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டுதானே! அட்டையின் போட்டோகொப்பி எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இளம் பிள்ளைகளுக்கு ஒன்று. “உன் கணக்குக்குக் காசு வரும், எடுத்துத் தந்தால் கொமிஷன்” என்று வட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் இன்னொருவரிடம் திருடிய காசு. பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரைத்தான்.

சரி, இலக்கத்தைச் சொல்லியே விட்டீர்களா? வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். வங்கிக்கு வங்கி காசு சில விநாடிகளில் போய்விடும். திருடன் அதை அங்கே வைத்திருக்கவும் மாட்டான். உடனே வங்கிக்கு எடுத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்த அழைப்பின் இலக்கத்துக்கோ, பேஸ்புக்கில் கண்ட இலக்கத்துக்கோ எடுக்க வேண்டாம். ஏ.ரி.எம். அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் தொலைபேசி இலக்கம்தான் சரியானது. அப்புறம் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வங்கி சரியாகக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935க்கு எடுக்கலாம்.

மாமியின் போனில் அட்டையின் பின்பக்கத்தில் இருந்த அந்தத் தொலைபேசி இலக்கத்தை அன்று பின்னேரமே பதிந்து கொடுத்தேன், தமிழில், “வங்கி” என்று.