பெயரைப் பார்த்துப் பாடம் எடுக்காதீர்கள்: சிக்ஸ்த் ஃபார்மில் ட்ராமாவும் சைல்ட்கேரும்

போன வருடம் அக்கா மகளை லண்டனில் ஒரு சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியின் (பதினாறு வயதுக்குப் பிறகு படிக்கும் இடம்) ஓபன் ஈவினிங்குக்கு, அதாவது சேர நினைப்பவர்கள் வந்து பார்த்து விசாரிக்கும் மாலைக்கு, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ட்ராமா என்றால் உயிர், சின்னப் பிள்ளைகள் என்றாலும் உயிர். "ரெண்டையும் சேர்த்து எடுக்கலாம்தானே சித்தி?" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள். எடுக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். சைல்ட்கேர் (குழந்தைப் பராமரிப்பு) மேசையில் இருந்த ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் கால அட்டவணையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். சில நாள் முழுக்க வகுப்பு, மீதி நாள் நர்சரியில் (சின்னப் பிள்ளைகளின் காப்பகம்) வேலை. ட்ராமாவை நுழைக்க ஒரு மணி நேரம்கூட அதில் காலியாக இல்லை.

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். சிக்ஸ்த் ஃபார்மில் இருக்கும் ஏ லெவல், டி லெவல், பிடெக் என்ற படிப்பு வகைகள் எல்லாம் ஒரே அளவுள்ள துண்டுகள், பிடித்ததை எடுத்து அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறோம். ஏ லெவல் ட்ராமா ஒரு பாடம், அதோடு இன்னும் இரண்டு எடுக்க வேண்டும். டி லெவலோ முழுச் சாப்பாடு மாதிரி. கல்வி மற்றும் மழலையர் பிரிவு டி லெவல் இரண்டு வருடப் படிப்பு, யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பு) புள்ளிக் கணக்கில் மூன்று ஏ லெவலுக்குச் சமம். 2020 செப்டம்பரில் முதலில் தொடங்கிய மூன்று டி லெவல்களில் இதுவும் ஒன்று. நர்சரிப் பணிக்கான பிரிவில் சேர்ந்தால் குறைந்தது 750 மணி நேரம் வேலையிடத்தில் இருந்தாக வேண்டும்.

பிடெக் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் பி.டெக் படித்த மாமாக்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் பொறியியல் பட்டம் என்று நினைத்து மகிழ்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பதினாறு வயதுக்கு மேல் எடுக்கும் தொழில்சார் படிப்பு இது. ஒரு ஏ லெவல் அளவில் இருந்து மூன்று ஏ லெவல் அளவு வரை வரும். எந்த அளவு என்று கேட்காமல் சேராதீர்கள்.

சைல்ட்கேரில் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. "சைல்ட்கேர், லெவல் 3" (ஏ லெவலுக்கு நிகரான தரம்) என்று போட்டிருந்தாலே நர்சரியில் தகுதியுள்ள ஆளாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிவிடுகிறோம். இங்கிலாந்து நர்சரிகளில் எத்தனை குழந்தைக்கு எத்தனை ஆள் என்பது சட்டக் கணக்கு. இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒருவர், இரண்டு வயதுக் குழந்தைகள் என்றால் ஐந்து பேருக்கு ஒருவர். அந்தக் கணக்கில் லெவல் 3 ஆளாகச் சேர, அரசு முழுத் தகுதி என்று ஏற்ற படிப்பாக இருக்க வேண்டும். குழந்தை வளர்ச்சியைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு, நேரடிப் பயிற்சி இல்லாமல் முடிகிற சின்னப் படிப்புகளும் லெவல் 3தான். பல்கலைக்கழகம் போக அவை உதவும். நர்சரி மேலாளரோ சான்றிதழைப் பார்த்துவிட்டு உதவியாளர் வேலையைத்தான் நீட்டுவார். ஆகவே ஓபன் ஈவினிங்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதை முடித்தால் நர்சரியில் லெவல் 3 ஆளாக என்னைக் கணக்கில் சேர்ப்பார்களா?" பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.

ட்ராமா பக்கம் வேறு மாதிரிக் குழப்பம். நடிப்பு நன்றாக வருகிறது, எழுத்து வராது, அதனால் ட்ராமா எடுக்கிறேன் என்கிற பிள்ளைகள் நிறைய. ஏ லெவல் ட்ராமாவில் 40 சதவீதம் எழுத்துத் தேர்வு. மீதி 60 சதவீதம் செய்முறை என்றாலும், ஒத்திகையில் எதை ஏன் மாற்றினோம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தர வேண்டியிருக்கும். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட் என்று நாடக மேதைகளின் கோட்பாடும் உண்டு. அரங்கத்தில் நேரில் பார்த்த நாடகத்தை அலசி எழுதும் கேள்வியும் பெரும்பாலான தேர்வு வாரியங்களில் வரும். அப்புறம், மேடையில் நிற்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு ட்ராமா ஆகாது என்பதும் தவறு. ஒளி, ஒலி, உடை, அரங்க அமைப்பு என்று வடிவமைப்பாளராகவும் மதிப்பெண் வாங்கலாம். எல்லாக் கல்லூரியும் அந்த வசதி தருவதில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் செய்யும் தவறையும் சொல்லிவிடுகிறேன். ரஸல் குழுமம் என்ற கூட்டமைப்பில் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகங்கள் விரும்பும் பாடங்கள் என்று ஒரு பட்டியல் இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் ட்ராமா கிடையாது, உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலை 2019இலேயே அவர்களே கைவிட்டுவிட்டார்கள். ஆங்கிலம், வரலாறு, சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு ட்ராமா மூன்றாவது பாடமாக இருப்பதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. மருத்துவம் என்றால் கதை வேறு, அங்கே வேதியியல் இல்லாமல் பெரும்பாலான கதவுகள் திறக்காது. நடிகராகவே ஆகப் போகிறேன் என்றாலும் ஏ லெவல் ட்ராமா கட்டாயமில்லை. ராடா மாதிரியான நாடகப் பள்ளிகள் ஆடிஷனைப் பார்த்துத்தான் எடுக்கின்றன.

இரண்டு ஆசையும் இருக்கிற பிள்ளைகள் "டிராமா தெரபிஸ்ட் ஆவேன்" (நாடகம் வழியாக மனநலச் சிகிச்சை தருபவர்) என்பதும் அடிக்கடி காதில் விழும். நல்ல வேலைதான். ஆனால் பிரிட்டனில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முதுகலைப் படிப்பும் சட்டப்படியான பதிவேட்டில் பதிவும் வேண்டும். சிக்ஸ்த் ஃபார்மில் நேராக அதற்கென்று ஒரு படிப்பு இல்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆக நினைத்தால் ட்ராமாவை விட ஜிசிஎஸ்இயில் (பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வு) ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் கிரேடு 4, அதாவது அடிப்படைத் தேர்ச்சி, வாங்குவதுதான் முதல் வேலை. கணிதத்தில் 3 வந்தால் கல்லூரியில் அதையும் திரும்ப எழுத வைப்பார்கள். அந்த வகுப்பும் கால அட்டவணையில் ஏறும்.

அக்கா மகள் கடைசியில் டி லெவல் எடுத்தாள், ட்ராமாவைச் சனிக்கிழமை இளைஞர் நாடகக் குழுவுக்கு மாற்றிக்கொண்டாள். நர்சரியில் முதல் வாரம் முழுக்க நாப்பி மாற்றுவதைப் பார்ப்பதும், சாப்பாட்டு மேசை துடைப்பதும், மூக்கு துடைப்பதும்தான். கதை சொல்ல விடுவார்கள் என்று பொம்மைக் கையுறையோடு போனவள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள். சரி, அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே.

பயிற்சிக்கு அனுப்பும் நர்சரி எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு வரச் சொல்வார்கள், பஸ் உண்டா என்பதைச் சேரும்முன்பே கேளுங்கள். டிபிஎஸ் (குற்றப் பின்னணி) சோதனைப் படிவத்தையும் தள்ளிப்போடாதீர்கள், அது முடியாமல் மேற்பார்வை இன்றிக் குழந்தைகள் பக்கம் விடமாட்டார்கள். பாடம் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலான கல்லூரிகளில் முதல் சில வாரத்துக்குள் மாறலாம். ஆனால் அக்டோபரில் சைல்ட்கேருக்கு மாறுகிற பிள்ளை, அதுவரை மற்றவர்கள் நர்சரியில் போட்ட மணி நேரத்தையும் சேர்த்து முடிக்க வேண்டியிருக்கும்.